மந்திரமும் போரும் உள்ள நாவல் எழுதப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும், சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறவர்களும் வார இறுதியில் வந்து என்னோடு இருந்து கதை எழுதிப் பழகுகிறார்கள். முன்பெல்லாம் கவிதைதான் கொண்டுவருவார்கள். இப்போது பலரும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் கீறிக்கொண்டு வருகிறார்கள்: நடுவில் மலை, ஓரத்தில் காடு, இரண்டு ராச்சியம், இரண்டுக்கும் பகை. தங்கள் வயதுக்காரர் வாசிக்க மந்திரமும் போரும் கலந்த பெரிய நாவல் எழுதவேண்டுமாம். நல்ல விசயம். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

ராசா ராணிக் கதைக்கும் இந்த மிகைபுனைவு நாவலுக்கும் என்ன வித்தியாசம்?

அம்மம்மா சொல்லும் கதையில் ராசகுமாரன் கிணற்றுக்குள் விழுந்தால் ஒரு நாகம் வந்து தூக்கிவிடும். ஏன் வந்தது என்று யாரும் கேட்கமாட்டோம். நாவலில் கேட்போம். நாகம் யாருக்கு வரும், யாருக்கு வராது, வந்தால் எதைக் கேட்கும் என்பதை எழுதுகிறவர் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். மறுகா அந்த விதியை அவரே மீற ஏலாது. இறுக்கமான விதி இருந்தால்தான், கதாநாயகி மாட்டிக்கொள்ளும் இடத்தில் வாசகருக்கு நெஞ்சு இடிக்கும். ஒருவர் எடுக்கும் முடிவால் ஒரு நாடே ஆட்டம் காணும்போது கதை காவிய அளவுக்கு வளர்கிறது.

இளையோர் நாவல் என்றால் சண்டையைக் குறைத்து, புத்திமதி கூட்டி எழுத வேண்டுமா?

வேண்டாம். பதின்மூன்று தொடக்கம் பதினெட்டு வயதுவரை உள்ளவர்கள் வாசிப்பார்கள் என்று வையுங்கள். அவர்களுக்குப் புத்திமதி வாசம் நாலு பக்கத்துக்கு முன்பே அடித்துவிடும். பெரியவர்களுக்கான நாவலோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடுதான் உண்டு: முக்கியமான முடிவை எடுக்கிறவர் அந்த வயதுக்காரராக இருக்க வேண்டும், அது அவர் வாழ்க்கையில் எடுக்கும் முதல் பெரிய முடிவாக இருக்க வேண்டும். பெரியவர்கள் கதையில் இருக்கலாம், அன்பாகவும் இருக்கலாம், திறப்பு மட்டும் அவர்கள் மடியில் இருக்கக்கூடாது.

பனிமலை, ஓநாய், கற்கோட்டை எதுவும் இல்லாமல் இப்படி ஒரு கதை எழுத ஏலுமா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன். பனியைக் கண்டிராத பிள்ளை பனியை எழுதினால், யாரோ எழுதிய பனியைத்தான் எழுதும். குளிரில் விரல் எப்படி மரத்துப்போகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மார்கழி மழையில் வயல் வரம்பு காலடியில் கரைவது நன்றாகத் தெரியும்.

உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவி ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளம். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் மெல்லிய மணல் நிலம், அது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடும், அது படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை என்று இரண்டு நாடுகளை யாரோ உங்களுக்காகப் பிரித்து, பெயரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுவில் தோணி. முதலை இருக்கிறது. கரையோரம் கண்டல் காடு, அதற்குள் தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்று விறகு வெட்டப்போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நஞ்சுக்காக நீங்கள் புதிதாக ஒரு மூலிகை கண்டுபிடிக்கத் தேவையில்லை. படுவான்கரையில் இரவில் யானை வந்து வேளாண்மையைத் தின்னும், பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். அதற்கும் மேற்கே குடும்பிமலை, தூரத்திலிருந்து பார்த்தால் முடிந்த குடும்பி மாதிரியே. தெற்கே போனால் உகந்தை முருகன் கோயில், அங்கிருந்து குமண வனத்துக்குள்ளால் கதிர்காமத்துக்கு யாத்திரைக்காரர் கால்நடையாகப் போகும் பாதை. கதாநாயகி காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்கவேண்டும் என்றால், அந்தப் பாதையில் போய் வந்த யாரையாவது பிடித்து, தண்ணீர் எங்கே கிடைத்தது, இரவில் எப்படிப் படுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு அத்தியாயம் தேறும்.

இரண்டு நாட்டுக்கும் என்ன சண்டை வைப்பது? மந்திரக் கல், முடி, சாபம் எல்லாம் யோசித்துவிட்டோம்.

மந்திரக் கல்லுக்காக யாரும் ஒரு கிழமைக்கு மேல் பட்டினி கிடக்கமாட்டார்கள். தண்ணீருக்காகக் கிடப்பார்கள்.

முகத்துவாரத்தை நினையுங்கள். வாவி கடலில் சேரும் வாயைக் கடல் மணல் மேடு போட்டு அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் கொட்டும்போது தண்ணீருக்குப் போக வழி இல்லை. வாவி பெருகி வயலுக்குள் ஏறும். "வாயை வெட்டிவிடுங்கள், பயிர் அழுகிறது" என்று வேளாண்மைக்காரர் கேட்பார்கள். வெட்டினால் தண்ணீர் ஒரேயடியாக இறங்கி, உவர் ஏறி, மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்கள் பயப்படுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம். இரண்டு பக்கமும் பசி. வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்று யாரோ ஒருவர் முடிவு எடுக்கவேண்டும், அதுவும் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது.

இதில் கொஞ்சம் மந்திரத்தைப் போடுங்கள். அந்த மணல் மேட்டை வாயால் சொல்லித் திறக்கக்கூடிய ஒரே ஆள் பதினாறு வயதுப் பெண்பிள்ளை என்று வையுங்கள். தாயின் குடி படுவான்கரையில், தகப்பன் எழுவான்கரைத் தோணிக்காரர். போருக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. கெட்ட மந்திரவாதி கூடத் தேவைப்படமாட்டான்.

மந்திரத்துக்கு எப்படி விதி வைப்பது?

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பகிடியாகச் சொல்வார்கள். பாதி பகிடி, பாதி பயம். அந்தப் பெயர் ஊருக்கு இருக்கும்போது அதை வைத்து நாம்தானே எழுத வேண்டும்.

விதி என்பது மூன்று கேள்வி: யாரால் முடியும், எதனால் முடியாமல் போகும், செய்தால் என்ன போகும். மூன்றாவதில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "களைத்துப்போவாள்" என்று எழுதிவிடுகிறார்கள். களைப்பு ஒரு விலையே இல்லை, படுத்து எழும்பினால் போய்விடும். ஒரு தடவை மணல் மேட்டைத் திறந்தால் ஒரு ஆளின் குரல் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்று வையுங்கள். முதலில் யாரோ ஒரு கடைக்காரரின் குரல். அப்புறம் சிநேகிதியின் குரல். வாசகர் அடுத்த பக்கம் புரட்டும்போது தாயை நினைத்துக்கொண்டே புரட்டுவார்.

விதிக்கான கருவைத் தேடி எங்கும் போகவேண்டாம். மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார், மந்திரம் வெளியே கேட்காது. எல்லா நாவலிலும் மந்திரவாதிகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, உங்கள் நாவலில் பேசாமல் இருப்பதே பலம் என்று ஒரு கூட்டம் இருந்தால் எப்படி இருக்கும்? சூடு அடிக்கும், அதாவது கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கும் களத்தை எடுங்கள். அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். வழக்கமான சொற்கள் பலதும் களத்துக்குள் ஆகாது, பூதம் கேட்டுவிட்டால் விளைச்சலைக் கொண்டுபோய்விடும். காதுள்ள பூதங்களுக்கு விளங்காதபடி கதைக்கத் தெரிந்தவர்கள் மட்டும் தப்பிப் பிழைக்கும் ஒரு ராச்சியம். இதையெல்லாம் விட்டுவிட்டு மந்திரக்கோலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், எனக்குக் கோபம் வராதா?

உண்மையான மந்திரங்களை அப்படியே எழுதலாமா?

கூடாது. கட்டு, வெட்டு, ஏவல் என்று பொதுவாகச் சொல்வதில் தவறில்லை. ஏட்டில் உள்ள வரிகள் அதை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் கோயில்களுக்கும் உரியவை. சடங்கு நடத்தும் கட்டாடியார் ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை அச்சில் போட்டால், அடுத்த பிள்ளைக்கு அவர் வாயே திறக்கமாட்டார். நீங்களே புதிதாகக் கட்டுங்கள். தாளம் சரியாக இருந்தால் போதும்.

பாடும் மீனைப் போடலாமா?

எல்லாரும் போடுகிறார்கள். வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் அந்த மீன் பள்ளிக்கூடச் சின்னத்திலிருந்து கடைப் பலகை வரைக்கும் இருக்கிறது. ஆகவே மீனுக்குப் பெண் முகம் வைத்து, தங்கச் செதில் வைத்து எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அதைக் கேட்கும் முறை இருக்கிறதே, அது வடிவு. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். பாடுவது மீன் என்பாரும் உண்டு, ஊரி என்ற நத்தை வகை என்பாரும் உண்டு. 1924இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில் இப்போது புதிய பாலமும் இருக்கிறது, வாகன இரைச்சலும் கூடிவிட்டது. துடுப்பின் வழியே நாட்டின் அடியில் நடப்பதைக் கேட்கத் தெரிந்த உளவாளிகள் என்று எழுதிப்பாருங்கள். மீன் வரவே தேவையில்லை.

பழைய வரலாற்றுக் கதைகளை எடுத்துப் பாவிக்கலாமா? யாரும் கோபிப்பார்களா?

எடுக்கலாம். கோபிக்கவும் கூடும். இரண்டையும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

உலகநாச்சி என்ற அரசகுமாரி கலிங்கத்திலிருந்து சிவலிங்கத்தைக் கொண்டுவந்த கதை இருக்கிறது. கொக்கட்டிச்சோலையில் போர்த்துக்கேயர் முன்னால் கல் நந்தி எழும்பிப் புல் தின்ற கதை இருக்கிறது. கலிங்கத்து மாகன் 1215இல் பெரும்படையோடு வந்திறங்கிப் பொலன்னறுவையை ஆண்டது வரலாறு. அவன் மட்டக்களப்பில் செய்த ஒழுங்குகள் என்று சொல்லப்படுபவை ஊர் மரபு. இந்த மரபுகள் பலவற்றை எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த மட்டக்களப்பு மான்மியத்தில் படிக்கலாம். வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது பல கைகளால் பல காலத்தில் எழுதிச் சேர்ந்தது, ஒவ்வொரு கைக்கும் தன் பக்கம் உயர வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. நாவலாசிரியருக்கு அது நல்ல பாடம்: உங்கள் கதைக்குள்ளும் ஒரு பழைய ஏடு இருக்கட்டும், அந்த ஏடும் ஒரு பக்கம் சாய்ந்து பொய் சொல்லட்டும்.

முக்குவர், திமிலர் சண்டைக் கதை எல்லாருக்கும் பிடிக்கும். சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி என்று துரத்திக்கொண்டு வெருகல் வரைக்கும் போனதாக ஊர்ப் பெயர்களை வைத்தே சொல்வார்கள். இதை எடுத்தால் சாதிப் பெயர்களை அப்படியே வைக்காதீர்கள். அந்தப் பெயரோடு இன்றைக்கும் மனிதர்கள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார்கள். துரத்தல் உங்களுடையதாக இருக்கட்டும், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஓடும்போது என்ன விட்டுவிட்டு ஓடினார்கள் என்பதை எழுதுங்கள், பெயர்களை மாற்றுங்கள்.

எதிரி இனத்தை எப்படிப் படைப்பது?

இனமாகப் படைக்காதீர்கள். ஒரு முழு மக்களும் பிறப்பிலேயே கெட்டவர்கள், கறுத்த முகம், கரகரத்த மொழி என்ற வழக்கம் இந்த வகைக் கதைகளில் நிறைய உண்டு. தூர தேசத்து வாசகருக்கு அது விளையாட்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரு நிலத்தில் இருந்து நீங்கள் எழுதுகிறீர்கள்.

இந்தக் கரையில் எத்தனை மக்கள் கலந்து இருந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்து வருடத்தில், 1638இல், கண்டி அரசனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை போனாலும் போர்த்துக்கேய மொழியின் ஒரு வகை அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் தங்கிவிட்டது. வாகரைப் பக்கம் கரையோர வேடர். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போனால் தமிழரையும் காணலாம். காத்தான்குடியில் வியாபாரம், படுவான்கரையில் நெல், இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது. உங்கள் ராச்சியத்திலும் பகைவனிடம்தான் உப்பு வாங்கவேண்டும் என்று இருந்தால், போர் தொடங்கிய முதல் கிழமையிலேயே சமையலறைக்குள் அது தெரியும். ஜின் கதையும் வைரவர் கதையும் தெரிந்த இரண்டு சிநேகிதிகள் ஒரே இருட்டுக்குள் நடந்துபோகட்டும். ஆளுக்கு ஒரு பயம் இருக்கும்.

எங்கள் கதாநாயகனுக்குப் பதினைந்து வயது. ஒரு முனிவர் வந்து, "நீதான் தெரிந்தெடுக்கப்பட்டவன், போருக்கு வா" என்கிறார். சரிதானே?

நூறு நாவல்களில் உள்ள தொடக்கம். வேறெங்கோ இருந்து எழுதுகிறவருக்கு அது வெறும் தொடக்கம்தான். இங்கே அப்படி இல்லை. இந்த மாவட்டங்களில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் மெய்யாகவே போருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கிழக்கில் சண்டை 2007இல் ஓய்ந்தது, முழு நாட்டிலும் 2009இல். உங்கள் நாவலை வாசிக்கிற பிள்ளையின் மாமாவோ பெரியம்மாவோ அந்த வயதில் போனவராக இருக்கலாம். திரும்பி வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்தவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதவராக இருக்கலாம்.

ஆகவே முனிவர் படலையடியில் வந்து நிற்கும்போது, எழுதுகிற நீங்கள் வீட்டுக்குள் நின்று பாருங்கள். தாய் என்ன பதில் சொல்கிறாள்? மூத்தவனைக் கொடுத்துவிட்டு இளையவனை மாமி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாளா? பிள்ளைக்குத் தானாகவே போக ஆசை இருந்தால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது, பாட்டிலிருந்தா, பழிவாங்கும் எண்ணத்திலிருந்தா, வீட்டில் சோறில்லாததாலா? தெரிந்தெடுத்தவர் யார், அவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டபிறகும் கதாநாயகன் போகட்டும். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போகிறவனைத்தான் நான் ஐந்நூறு பக்கம் பின்தொடர்வேன்.

அப்படியென்றால் எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதிவிடலாமே, எதற்கு மந்திரம்?

எழுதலாம், அது வேறு நாவல். சிலருக்கு நேராக எழுதக் கை வராது, சிலருக்கு வீட்டில் எழுத விடமாட்டார்கள். மந்திர நாட்டில் வைத்து எழுதினால் யாரையும் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: வீட்டுக்காரர் சொன்ன ஒரு சம்பவத்தை, ஆள் அடையாளம் தெரியும்படி பெயரை மட்டும் மாற்றி வைக்காதீர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

போர்க் காட்சி எழுதினால் சினிமாச் சண்டை மாதிரி வருகிறது. என்ன செய்வது?

ஒரு இரவு முழுக்க வடமோடிக் கூத்துப் பாருங்கள். வடமோடியில் போரும் வீரமும் அதிகம். பதினெட்டு அக்குரோணிப் படையும் வட்டக்களரிக்குள் இரண்டே பேராகத்தான் வரும். அவர்கள் சுற்றிவந்து ஆடும்போது படை முழுவதும் அங்கே நிற்பதாக நமக்குத் தெரியும், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் அதைச் செய்துவிடும். எழுத்திலும் அதுதான் வழி. பத்தாயிரம் பேரை எழுதாதீர்கள். இரண்டு பேரை எழுதுங்கள், மற்றதைச் சத்தத்தால் எழுதுங்கள்.

கூத்திலிருந்து இன்னொன்றும் எடுக்கலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு உண்டு. அரசனின் வரவுத் தாளமும் தூதனின் வரவுத் தாளமும் வேறு வேறு, ஆள் வாய் திறக்க முன்பே இன்னார் என்று சபைக்குத் தெரிந்துவிடும். உங்கள் முக்கியமான பாத்திரங்கள் முதலில் வரும் பந்தியைத் தனியாக எடுத்துப் பெயரை மறைத்துவிட்டு வாசியுங்கள். யார் என்று தெரியவில்லை என்றால் வரவு சரியில்லை.

அப்புறம் சோறு. படை போனால் அரிசி போகவேண்டும், மாட்டுவண்டி போகவேண்டும், மழை பெய்தால் வண்டி புதையும். அறுவடைக்கு முன்பு தொடங்கும் போரும் பின்பு தொடங்கும் போரும் ஒன்றல்ல.

பெண்பிள்ளைக்கு வாள் கொடுத்தால் போதுமா?

போதாது, அதைவிட நல்லது உங்களிடம் இருக்கிறது. இந்தக் கரையில் குடி தாய்வழியே போகிறது, வீடும் வளவும் மகளுக்குப் போகிறது, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அப்படித்தான். ராச்சியத்தை அந்த ஒழுங்கில் வையுங்கள். அரசனுக்குப் பின் மகனுக்கு ஒன்றும் இல்லை, தங்கச்சியின் மகனுக்குத்தான் முடி. அரசன் தன் மகனை நேசிக்கிறான், மருமகனுக்குப் பயப்படுகிறான். முடியைக் கொடுக்கிறவள் தங்கச்சி. யாரும் வாள் உருவ முன்பே அரண்மனை இரண்டாகிவிடும்.

முடிவை எப்படி எழுதுவது? வில்லன் செத்தவுடன் முடித்துவிடலாமா?

இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதும் நாவல் மற்ற நாவல்களை முந்தக்கூடிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கும். கண்ணகி வழக்குரை பாடுவார்கள். வழக்குப் பேசியாயிற்று, மதுரையும் எரிந்தாயிற்று. வேறு எங்காவது என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கே முடியாது. எரித்தவளின் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆயர்குலப் பெண்கள் வெண்ணெயும் தயிரும் தடவிக் குளிர்வித்ததாகக் கதை போகும், கோயிலில் குளிர்த்தி பாடித் தண்ணீர் தெளித்தபிறகுதான் சடங்கு நிறைவாகும். ஜெயித்தவளையும் குளிர்விக்கவேண்டும், நியாயம் அவள் பக்கம் இருந்தாலும் குளிர்விக்கவேண்டும் என்று இந்தக் கரை பல தலைமுறையாகப் பாடிவருகிறது.

அதோடு கொம்புமுறி. வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. இரண்டு வளைந்த கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். தோற்ற பக்கத்தைக் கேலி பண்ணிப் பாட்டு வேறு. ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு சேரியும் இருக்கும், இரவுக்கு எல்லாரும் ஒரே சட்டிக் கறிதான். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் பாரதத்தையே ஊர் நடத்துகிறது, வனவாசம் போகிறார்கள், தவம் செய்கிறார்கள், தீமிதிப்போடு நிறைவாகிறது.

உங்கள் நாவலுக்கு இதிலிருந்து என்ன எடுக்கலாம்? மந்திரப் பலத்தோடு போரில் ஜெயித்த பிள்ளை வீட்டுக்கு வருகிறது. அந்தப் பலம் இன்னும் உடம்பில் இருக்கிறது. கோபம் வந்தால் பக்கத்து வீட்டுக் கூரை பற்றும். யார் அந்தப் பிள்ளைக்குக் கிட்டப் போவது? எதைக் கொண்டு போவது? தோற்ற பக்கத்தின் தாய்மார் வரவேண்டும் என்றால் வருவார்களா? இதற்கு ஐம்பது, அறுபது பக்கம் ஒதுக்குங்கள். கடைசிச் சண்டையை மூன்றிலொரு பங்காக வெட்டியாவது ஒதுக்குங்கள். பதிப்பிக்கிறவர் "சண்டை முடிந்தபிறகு இழுக்கிறதே" என்றால், அந்த அத்தியாயங்களை நன்றாக்குங்கள், தூக்கிவிடாதீர்கள்.

பேச்சு எந்தத் தமிழில் இருக்கவேண்டும்?

கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழில், பேச்சு ஊர்த் தமிழில். "என்னகா", "கிறுகிப் பார்" (திரும்பிப் பார்) என்று ராணியும் சொல்லட்டும். அரசர்கள் செந்தமிழ், வேலைக்காரர் ஊர்த்தமிழ் என்று பிரித்தீர்கள் என்றால், யாரைச் சிறிதாக்குகிறீர்கள் என்று யோசியுங்கள்.

பெயர்கள்?

வாயில் வரக்கூடியதாக வையுங்கள். மரம், மீன், மழை, ஊர்த் தெய்வம் எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. ஒரே எழுத்தில் தொடங்கும் நாலு பேர் வேண்டாம்.

வரைபடம் கட்டாயமா?

வாசகருக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்கு வேண்டும். தூரத்தைக் கிலோமீற்றரில் போடாமல், தோணியில் எத்தனை நாள், நடையில் எத்தனை நாள், மாரியில் எத்தனை நாள் என்று எழுதி வையுங்கள். மாரியில் சில ஊர்களுக்குப் பாதையே இருக்காது. தூதன் பிந்திப்போக அது போதும்.

எத்தனை சொல் எழுதவேண்டும்?

எழுபதாயிரம் சொல் ஒரு நல்ல அளவு. பக்கத்துக்குச் சுமார் 220 சொல் வைத்தால் 320 பக்கம் வரும், பதினாறின் மடங்காக இருப்பதால் அச்சகத்துக்கும் வசதி. ஒரு இலட்சத்தைத் தாண்டினால் விலையும் தாண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை கைக்காசில் வாங்கமாட்டாது.

யார் அச்சிடுவார்கள்?

பெரும்பாலும் நீங்கள்தான். நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் பலதும் சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது, எழுதியவரே செலவழித்து, வெளியீட்டு விழாவில் கொஞ்சம் மீட்டுக்கொள்வார். சர்வதேச நியம நூல் எண்ணை (ISBN) கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்துப் பெறவேண்டும். இந்த எண் இல்லாமல் அச்சிட்டுவிட்டுப் பிறகு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டைப்படத்துக்கு முன்பே மெய்ப்புப் பார்க்க ஆள் பிடியுங்கள். நாலு நண்பர்களுக்கு முழுப் பிரதியையும் கொடுத்து, எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கு" என்ற பதிலால் ஒரு உதவியும் இல்லை.

மூன்று பாகமாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் இரண்டாம் பாகத்தின் வரைவு முடியும்வரை முதல் பாகத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். மந்திரத்துக்கு நீங்கள் வைத்த விதி எங்கே இடிக்கிறது என்று இரண்டாம் பாகத்தில்தான் தெரியும். அச்சாகிவிட்டால் திருத்த ஏலாது. முதல் பாகத்தின் இருபதாம் பக்கத்தில், "மணல் மேட்டை ஒரு தலைமுறையில் ஒருத்திதான் திறக்கலாம்" என்று எழுதிவிட்டு, மூன்றாம் பாகத்தில் தங்கச்சியைக் கொண்டுவந்து நிறுத்தினால் வாசகர் இருபதாம் பக்கத்தைத் திறந்து காட்டுவார்.